ஊசியும் நூலும் பாடமே
(தலைமையாசிரியர்)



“பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுங்கள், ஐயா, ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. வெயிலிலும் மழையிலும் உழைத்து, தம் பிள்ளையாவது நிழலில் அமர்ந்து வேலை பார்க்க வேண்டுமென்று விரும்புவோர் அப்படித்தான் கேட்பார்கள். அவ்விருப்பம் நியாயமானது. ஆயினும் அக்கேள்விக்கு என் விடை இது: தையலும் கல்வியே, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டிய கல்வி. இன்று கற்பிக்கத் தவறினால், நாளை கற்பிக்க வல்லவர்கள் நம்மிடையே இருக்க மாட்டார்கள். இக்கருத்தை ஆண்டு மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் தோட்டத்து வீடுகளில் துணி என்பது உடுத்துவதோடு முடிந்து போனதில்லை. ஒரு நூற்சேலையின் வாழ்நாளை எண்ணிப் பாருங்கள். புதிதாக இருக்கையில் அது திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் உரியது. நிறம் மங்கியபின் வீட்டில் உடுத்தும் சேலை. ஓரம் நைந்தபின் உத்தரத்தில் கட்டிய தூளி. பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் தம் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகைகளில் வரிசை வரிசையாகத் தொங்கியவை இத்தகைய தூளிகளே. அதன் பின்னரும் அச்சேலை ஓய்வு பெறுவதில்லை. கிழித்தால் தலைத்துண்டு; சுருட்டினால் சும்மாடு; மடித்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி. எஞ்சிய கிழிசல்களையும் பின்னிக் கால்மிதியாக்கினார்கள். 1941ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சிக் காலத்தில் துணி கிடைப்பதே அரிதாயிற்று. சாக்கை வெட்டித் தைத்து உடுத்திய கதைகளை நம் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் மானத்தைக் காத்தது ஊசி முனையே அன்றோ?

இவை யாவற்றிலும் சிறந்தது பழஞ்சேலைப் போர்வை. இளைய மாணவர் பலர் இதனைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆதலின் அதனைத் தைக்கும் முறையைச் சற்று விரித்துரைக்கிறேன்.

பலகால் துவைத்து மென்மையான நூற்சேலையே இதற்கு ஏற்றது. நைலெக்ஸ் சேலை ஆகாது. அது கையில் வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. சேலையைத் தரையில் பாயின்மேல் விரித்து மூன்றாக மடிப்பார்கள். மிகவும் நைந்த பகுதி நடு அடுக்கில் மறையுமாறு மடிப்பதில்தான் திறமை இருக்கிறது. மேலடுக்கில் கிழிசல் தென்பட்டால், பிள்ளையின் பழைய சட்டையிலோ பாவாடையிலோ ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போடுவார்கள். அடுக்குகள் நகராதிருக்க முதலில் பெரிய தையல்களால் அங்கங்கே பிடித்து நிறுத்துவார்கள். பின்னர் ஓரத்திலிருந்து தொடங்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி, வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி விட்டுத் தைத்து முடிப்பார்கள். சேலையின் கரையைத் தனியே வெட்டி நான்கு பக்கமும் ஓரமாக வைத்துத் தைப்பவர்களும் உண்டு.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களே, இதில் ஒரு கணக்குச் செய்து பாருங்கள். சேலையின் நீளம் 5 மீட்டர் 10 சென்டிமீட்டர், அகலம் 110 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மூன்றாக மடித்தால் போர்வையின் நீளம் 170 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையாகத் தைத்தால் 55 வரிசைகள். சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால், வரிசைக்கு 170 தையல்கள். ஆக மொத்தம் 9,350 தையல்கள். செலவாகும் நூல் 93 மீட்டருக்கும் மேல். பள்ளிக்கூட வாசலை மிதியாத பாட்டிமார் பலர் இந்த இடைவெளியை விரலால் அளந்தே பிழையின்றி அமைத்தார்கள். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று உடலின் சூட்டை எளிதில் வெளியே விடாது என்பதையும், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்து வரிசை துணியைத் தாங்கிக்கொள்ளும் என்பதையும் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். இதனைக் கல்வி என்று சொல்லாமல் வேறு என்னென்று சொல்வது?

ஒட்டுப் போட்ட துணி வறுமையின் அடையாளம் என்று நாணுவோர் உளர். நம் இலக்கியம் அவ்வாறு நாணவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்ட கந்தலை உடுத்தி வந்த பொருநன், தன் பழைய நிலையை மறைக்காமலே எடுத்துரைக்கிறான். அவனுக்குப் புத்தாடை அளித்துப் போற்றியவன் கரிகாற் சோழன். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்தில் துணி தைக்கும் துன்னகாரரையும் மறவாமல் குறிப்பிடுகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோர், கந்தையைக் குறையாகக் கருதவில்லை; கவனமின்மையையே குறையாகக் கருதினர்.

நம்மோடு இந்நாட்டில் வாழும் ஏனையோரும் இக்கலையை அறிந்தவர்களே. துண்டுத் துணிகளைக் ‘கயின் பெர்ச்சா’ என்று அழைக்கும் மலாய்க்காரர், அவற்றை இணைத்துப் போர்வையும் தலையணை உறையும் தைப்பர். பிறந்த குழந்தை நீடு வாழவேண்டுமென்று நூறு குடும்பங்களிடம் துணித்துண்டுகள் பெற்றுப் போர்வை தைப்பது சீனர்தம் பழைய வழக்கம்.

நமக்கு அண்மையில், சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் 1942ஆம் ஆண்டில் நடந்த ஒன்றையும் மாணவர்கள் அறிய வேண்டும். சப்பானியர் அங்கே சிறைவைத்த பெண்கள், கனடா நாட்டவரான எத்தல் மல்வனி என்பவரின் முயற்சியால் மூன்று போர்வைகளைத் தைத்தார்கள். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண் தன் பெயரையும் தன் மனத்துக்கு நெருக்கமான ஓர் உருவத்தையும் பூவேலையாகத் தைத்தாள். கடிதம் எழுதத் தடையிருந்த இடத்தில், பிரித்து வைக்கப்பட்ட கணவன்மாருக்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவிக்க அப்பெயர்கள் உதவின. அச்சிறையிலிருந்த சிறுமியரும் தம் சாரணியர் தலைவியின் பிறந்தநாளுக்காகக் கிடைத்த துண்டுகளைக் கொண்டு, அறுகோண வடிவங்களை இணைத்து ஒரு போர்வை தைத்தார்கள். அது இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கு வாழும் கறுப்பின மக்கள், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தோரின் வழித்தோன்றல்கள். வேலைக்கு உடுத்திக் கிழிந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, குளிருக்காக அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைத்தார்கள். அப்போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. அவ்வூரார் அவற்றைப் பேணி வைத்ததால் உலகம் கண்டது. நம் தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, பழந்துணி என்று நாம் வீசியெறிந்தவை எத்தனையோ! போர்வை போனாற் போகட்டும். தைக்கத் தெரிந்த கையும் அதனோடு போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை.

இனி, பெற்றோர் கூறும் தடைகளைப் பார்ப்போம்.

‘தேர்வுக்கு இது உதவுமா?’ என்பது ஒன்று. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019ஆம் ஆண்டில் இறுதியாக நடைபெற்று, 2021ஆம் ஆண்டில் அறவே நீக்கப்பட்டுவிட்டது. இனியும் தேர்வையே சுட்டிக் கைத்தொழிலை ஒதுக்குவது பொருந்தாது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தில் தையலுக்கு இடமும் இருக்கிறது. வாரத்தில் அரைமணி நேரம் ஊசி பிடிப்பதால் எப்பிள்ளையின் படிப்பும் கெட்டுவிடாது. மாறாக, கண்ணும் கையும் கருத்தும் ஓரிடத்தில் நிற்கப் பழகும்.

‘கடையில் மலிவாகக் கிடைக்கும்போது தைப்பானேன்?’ என்பது மற்றொன்று. மலிவு உண்மைதான். ஆனால் பொத்தான் அறுந்த சட்டையைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்குவது சிக்கனமாகுமா? இன்று விற்கும் துணிகளில் பல பாலியெஸ்டர் இழையால் ஆனவை. அவை மண்ணில் எளிதில் மக்குவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, கடைகளில் முகக்கவசம் கிடைக்காமல் மக்கள் அல்லலுற்றபோது, வீட்டுத் துணியில் தாமே தைத்துக்கொண்டவர்கள் ஊசி நூல் அறிந்தவர்களே.

‘இது பெண்பிள்ளைகள் வேலை’ என்பது மூன்றாவது. இதனை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. தையற்கடையில் இயந்திரம் மிதிப்போர் பலர் ஆண்களே. கிழிந்த வலையைப் பின்னும் மீனவரும், காயத்தைத் தைக்கும் மருத்துவரும் ஊசி பிடிக்க நாணுவதில்லை. அன்றியும், நம் தாய்மார் பட்ட பாட்டை நாம் மறைத்துப் பேசக்கூடாது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டிப் பாலெடுத்து, வீடு திரும்பிச் சமைத்து, எல்லாரும் உறங்கியபின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் கண் நோகத் தைத்தார்கள். அத்தொழிலை இன்று புகழ்ந்துவிட்டு, மீண்டும் பெண்கள் தலையிலேயே சுமத்துவது அறமாகாது. தன் சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரிந்த மகன், தன் தாய்க்கு ஒரு வேலையைக் குறைக்கிறான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஊசி, நூல், கத்தரிக்கோல், பொத்தான்கள் அடங்கிய ஒரு டின் இருக்கட்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், தன் துணியின் சிறு கிழிசலைத் தானே தைக்கட்டும். இரண்டாவது, பழஞ்சேலைப் போர்வை தைக்கத் தெரிந்த பாட்டிமார் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குக் காட்டித் தர வேண்டும். அவர்களுக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியையும் மரியாதையையும் பள்ளி அளிக்கும். மூன்றாவது, பள்ளிக்கென ஒரு போர்வை தைப்போம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழைய துணியிலிருந்து 17 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்று கொண்டு வரட்டும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்குப் போக 15 சென்டிமீட்டர் நிற்கும். அப்படி நூறு துண்டுகள் சேர்ந்தால், பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ள போர்வை ஆகும். ‘இது யாருடைய துணி? அவர் எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார்?’ என்று கேட்டறிந்து ஒவ்வொரு மாணவரும் நான்கு வரி எழுதட்டும். நம் தோட்டத்தின் வரலாற்றை அதைவிட நன்றாக எழுதிவைக்க வேறு வழி நான் அறியேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மருத்துவராகலாம், பொறியாளராகலாம், ஆசிரியராகலாம். ஆக வேண்டும் என்பதே என் வேண்டுதலும். எந்தப் பதவியில் அமர்ந்தாலும், கிழிந்ததை எறியுமுன் தைக்க இயலுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கும் மனம் அப்பிள்ளைக்கு வேண்டும். அம்மனத்தை வளர்க்க ஊசியும் நூலும் போதும். மாணவச் செல்வங்களே, இன்று மாலையே வீட்டுப் பெரியவரிடம் சென்று ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். ஒரு தையல் போடக் கற்றுத்தரும்படி கேளுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க கைத்திறன்!