தக்காளி விலையும் மெக்கானிகல் சீட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருடம். இன்ஜினியரிங் படிப்பைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்யதை என்று கேட்கத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், கோவித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கள் அப்பா கோவை கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிறவர். அந்தப் பட்டறைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, சம்பளக் கணக்கு எழுதுவது அடியேன்தான். அந்த அளவுக்குக் கொஞ்சம் யோக்யதை இருக்கிறது :-)

விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தி பையனுக்கு கட்-ஆஃப் 200-க்கு 176. லீவு விட்டால் எங்கள் பட்டறையிலேயே கிடக்கிறவன். டீ வாங்க அனுப்பினால்கூட வெர்னியரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போகிற ரகம். மெக்கானிகல்தான் வேண்டும் என்றான். வீட்டில் மாநாடு கூடியது.

"ஏஞ்சாமி, அந்தக் கரி வேலைக்குப் போறதுக்கா உன்னைய இத்தன செலவு பண்ணிப் படிக்க வெச்சோம்?" இது சித்தி.

"மார்க்கெட் எங்க இருக்குதோ அங்கதான் போகோணும் கண்ணு. சும்மா ஆசப்பட்டா ஆச்சா?" இது சித்தப்பா.

ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட்டு உறுதியானது. சித்தி மைசூர்பாகு கொடுத்தார். தம்பி வாங்கி அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏ.ஐ. மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த "மார்க்கெட்" என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அது எங்கள் டிபார்ட்மெண்ட் சொத்து மக்களே! ஆளாளுக்கு எடுத்து வீசினால் எப்படி?

கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களைக் கேளுங்கள். விலை உச்சத்தில் இருக்கும்போது ஊரே நாற்று நடும். மூன்று மாதம் கழித்து எல்லார் காட்டிலும் ஒன்றாகப் பழுக்கும். பெட்டி எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள். வெறுத்துப்போய் அடுத்த போகம் யாரும் போடமாட்டார்கள், விலை மறுபடி ஏறும். இதற்கு எங்கள் புத்தகத்தில் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர். 1934-ல் நிக்கோலஸ் கால்டோர் வைத்தது. 1976-ல் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இந்த வலையை இன்ஜினியர்கள் மேல் வீசிப் பார்த்தார். அச்சு அசல் தக்காளி! சம்பளம் ஏறுகிற வருடம் கூட்டம் சேர்கிறது. படித்து முடித்து மொத்தமாக வெளியே வரும்போது ஆரம்பச் சம்பளம் படுத்துவிடுகிறது. அதைப் பார்த்து அடுத்த செட் வேறு பக்கம் ஓடுகிறது.

ஆக, சித்தப்பா பார்க்கிற மார்க்கெட் இன்றைய மார்க்கெட். தம்பி விற்கப்போவது நான்கு வருடம் கழித்து. 2001-ல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது அதற்கு முந்தைய அலையில் கம்ப்யூட்டர் எடுத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவ்வளவு தூரம் போகவேண்டாம், 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தக்காளிக்காரர் நட்டமானால் உழுதுவிட்டு வேறு போடலாம். 21 வயதில் நான்கு வருடத்தை எப்படி உழுவது?

உடனே "அப்போ எல்லாரும் மெக்கானிகல் படிக்கணுமா?" என்று கிளம்பாதீர்கள். எல்லாரும் மெக்கானிகலுக்கு ஓடினால் அதுவும் தக்காளிதான்.

நான் கேட்பது வேறு. இந்த ஆட்டத்தில் நட்டம் யாருக்கு, லாபம் யாருக்கு? ஒரு கல்லூரி முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மெக்கானிகல் நடத்த லேத், ஃபவுண்டரி, வெல்டிங் ஷெட், கரண்ட் பில், மெஷின் பார்த்துக்கொள்ள ஆள். சிவில் என்றால் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் மெஷினிலிருந்து சர்வே கருவி வரை வேண்டும். கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுக்கு ஒரு ஹால், ஏ.சி., வரிசையாகக் கம்ப்யூட்டர். மாணவன் கட்டும் ஃபீஸில் பெரிய வித்தியாசம் இல்லை. நிலைச்செலவு குறைவு, வரவு கிட்டத்தட்ட அதே. நானாக இருந்தாலும் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு ஏ.சி. மாட்டுவேன். முன்பு ஒரு பிரிவில் 240 இடத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வேலியாவது இருந்தது. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அதையும் எடுத்துவிட்டது.

அண்ணா பல்கலைக்கழகமே தடுமாறியதைப் பார்த்தோமே. 2010-ல் சிவிலையும் மெக்கானிகலையும் தமிழ் வழியில் தொடங்கியது. 2023 மே மாதம், சேர ஆளில்லை என்று சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்தப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகத்துக்கே இப்படி என்றால் தனியார் கல்லூரி என்ன செய்யும்?

இன்னொன்று. ஒரு கம்பெனி பங்கு வெளியிட வந்தால், இதில் என்னென்ன ஆபத்து என்று பக்கம் பக்கமாக அச்சடித்தே ஆகவேண்டும். செபி விடாது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில்கூடக் கடைசியில் மூச்சு விடாமல் ஒருவர் படிப்பாரே, அதுபோல. கல்லூரி பிரசுரத்தில் என்ன இருக்கிறது? கோட் போட்ட ஒரு பையன் போட்டோ, "அதிகபட்ச சம்பளம் இத்தனை லட்சம்". அந்த ஒரு பையன் போக மீதிப் பேர் எங்கே? பிரிவு வாரியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாஸ், நடுவில் நிற்கிறவன் சம்பளம் எவ்வளவு? சராசரி வேண்டாம், ஒருத்தன் நாற்பது லட்சம் வாங்கினால் சராசரி பொய் சொல்லும். நடுவில் நிற்கிறவனைக் காட்டுங்கள். ஆயிரம் ரூபாய் பங்குக்கு இருக்கும் பாதுகாப்பு 17 வயதுப் பையனின் நான்கு வருடத்துக்கு இல்லை.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு ஜி.டி.நாயுடுவைச் சொல்லாமல் போனால் சாமி குத்தம். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியபோது அதற்கு முதல்வராக இருந்தார். நான்கு வருடம் எதற்கு, இரண்டே போதும் என்று வாதாடினார். அன்றைய அரசு ஒப்பவில்லை, விலகிவிட்டார். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் திறந்து அவர் பெயரை வைத்தார்கள். அதன்மேல் வண்டியில் போய்த்தான் சித்தப்பா தம்பிக்கு ஃபீஸ் கட்டிவிட்டு வந்தார். பாலம் கட்டியது சிவில்காரர்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இதுவரை ஊரைத் திட்டினேன். இனி வீட்டைத் திட்டவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. எங்கள் பட்டறையில் பி.இ. மெக்கானிகல் முடித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். டிராயிங் படிப்பார், புரோகிராம் போடுவார், பக்கத்துப் பட்டறை சி.என்.சி. நின்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதச் சம்பளம் 17,000. எழுதுவது நான்தானே, தெரியும். "நல்ல ஆளே கிடைக்கறதில்ல" என்று டீக்கடையில் புலம்பும் பட்டறைக்காரர்கள் எல்லாரிடமும் இந்தக் கதைதான். சித்தி "கரி வேலை" என்றதில் தப்பே இல்லை. அவர் பார்த்தது கரியை அல்ல, சம்பளத்தை.

அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் குடுக்கோணும்னு ஆசையில்லையா? மொதல்ல பேமெண்ட் வரட்டும், அப்பறம் பேசலாம்" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளைக்குள் பணம் தரவேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வரிக்கணக்கில் கழிக்க முடியாது என்று 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். பரீட்சைக்கு உருப்போட்டிருக்கிறேன். நிஜத்தில் என்ன நடந்தது? எங்களுக்கு ஆர்டர் தரும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து போன் வந்தது: "தம்பி, பில்லை அடுத்த மாசத் தேதில போட்டுக் குடுத்துடுங்க." மறுத்தால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போகும். போட்டுக் கொடுத்தோம்.

இதை எழுதுவதற்கு முன்னால் லெட்ஜரைப் புரட்டினேன். அந்தத் தள்ளிப்போட்ட தேதியிலிருந்து எண்ணினாலே இன்றோடு 71 நாள் ஆகிறது. அண்ணனுக்கு இந்த மாதமும் 17,000 என்றுதான் எழுதினேன்.