இரண்டு கசெற், ஒரு கேம்

கேம் எண்டால் சுடுறது, வெல்லுறது எண்டு பழகிப்போன எங்களுக்கு, 1984இல் வந்த 'டியூஸ் எக்ஸ் மெக்கினா' இன்றைக்கும் புதுசாத்தான் தெரியுது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இயங்கிய 'ஓட்டோமாற்றா' என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடு. ஸ்பெக்ட்ரம் கணினியில் 'பீப்' சத்தத்துக்கு மேல பெரிசா ஒண்டும் வராது. அதனால் மெல் குரவுச்சர் பாட்டையும் குரல்களையும் தனிக் கசெற்றில் பதிந்து கொடுத்தார். கேமோட சேர்த்து அதையும் சரியான நேரத்தில் ஓடவிட வேணும். ஒரு உயிரைப் பிறப்பிலிருந்து முதுமை வரைக்கும் காப்பதுதான் விளையாட்டே.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் விலை 15 பவுண், பெரிசா விற்கவில்லை. கசெற் கொப்பியடிக்கிறது அப்ப சர்வசாதாரணம் வேற. அடுத்த வருசமே குரவுச்சர் நிறுவனத்தை விட்டு விலகினார்.

நாங்களும் பென்ட்ரைவில் கொப்பியடிச்ச கேமை விளையாடிக்கொண்டே, "புதுசா ஒண்டும் வருகுதில்லையே" எண்டு அலுத்துக்கொள்ளுறம்.