கீய்ங்ங் சத்தத்துக்கு மட்டும் அழாதீங்க!

2025 செப்டம்பர் 30-ம் தேதி அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை மூடியது. உடனே நம்ம மக்கள் கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. "அந்த கீய்ங்ங்... கர்ர்ர் சத்தம் இருக்கே!" அவ்வளவுதான். அந்த மோடம் என்ன செஞ்சுதுன்னு ஒருத்தராவது எழுதணுமே? அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

2002, திருத்தணி. ஆடிக் கிருத்திகை. ஊரே காவடியோட மலைமேல. நண்பன் வீட்டிலும் அவனைத் தவிர எல்லாரும் படியேறிட்டாங்க. நடுவில் யாரும் போனை எடுத்துக் காரியத்தைக் கெடுக்க மாட்டாங்க என்றுதான் அந்த நாளைப் பிடித்தோம்.

அவன் ஹைப்பர் டெர்மினலைத் திறந்து ஏடிஎஸ்0=1 என்று அடித்து வைத்தான். முதல் ரிங்கிலேயே மோடம் தானா எடுத்துடும். நான் இந்தப் பக்கம் அவன் வீட்டு நம்பரை அடிச்சா, "நோ டயல்டோன்". என் மோடத்துக்கு நம்மூர் டயல்டோன் புரியலை. டோனுக்குக் காத்திருக்காதேன்னு ஏடிஎக்ஸ்3 கொடுத்தேன். மறுபடி ஏடிடிடி, நம்பர். ரிங் போச்சு. கீய்ங்ங். "கனெக்ட்".

"டேய்" என்று அடித்தேன். "சொல்லுடா" என்று என் திரையில் வந்தது.

மோடம் டப்பாவில் 56கே என்று போட்டிருக்கும். அது மறுமுனை டிஜிட்டலா இருந்தால்தான். இரண்டு வீட்டு மோடம் பேசிக்கொண்டால் 33.6-தான் உச்சம். நான் எழுதினது எல்லாம் சேர்த்து ஒரு ஃபிளாப்பி அளவு. இசட்மோடத்தில் அனுப்ப ஏழெட்டு நிமிஷம். மூணு நிமிஷத்துக்கு ஒரு கால் என்ற கணக்கில் மூணு லோக்கல் கால் காசு.

கவனிங்க மக்களே. இதில் இன்டர்நெட்டே இல்லை. பாஸ்வேர்டு இல்லை, "ஒத்துக்கொள்கிறேன்" பட்டன் இல்லை.

இன்னிக்கு? அடுத்த தெரு நண்பனுக்கு ஒரு போட்டோ அனுப்பினா, எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி சர்வருக்குப் போய் வருது. ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011-லேயே தீர்ந்தது. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைச்சு வச்சிருக்காங்க. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளியிலிருந்து ரிங்கே போகாது.

"அப்ப மட்டும் லைன் உன்னோடதா? பிஎஸ்என்எல் லைன்தானே?" என்பீங்க. நியாயம். ஆனா அந்த லைன் சுமந்துக்கிட்டுப் போச்சு, வாங்கி வச்சுக்கலை. வித்தியாசம் அங்கேதான்.

2009-ல் ஜியோசிட்டீஸ் போச்சு. 2014-ல் ஆர்குட். 2019-ல் கூகுள் ப்ளஸ். நான் மூணு வருஷம் எழுதின ஒரு இலவசத் தளமும் (பேர் வேண்டாம்) ஒருநாள் காணாமப் போச்சு. ஒரு வரி மிஞ்சலை. ஆனா 2002-ல் அனுப்பினது அத்தனையும் இருக்கு. என் ஹார்ட் டிஸ்க் செத்தப்போ நண்பன்தான் சிடியில் போட்டுக் கொடுத்தான்.

எங்க ஊர் 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. உள்ளிட்டவங்க போராடி வாங்கின மண். மண் யாருக்குன்னு சண்டை போட்ட ஊர்க்காரன், எழுத்து யாருக்குன்னு கேக்கக் கூடாதா?

மோடத்தைத் திரும்ப மாட்டச் சொல்லலை. உங்க பதிவுகளை இன்னிக்கே இறக்கி ஒரு பிரதி நீங்க வச்சுக்குங்க. இன்னொண்ணு நண்பர்கிட்ட கொடுங்க. அப்புறமா சத்தத்துக்கு அழலாம்.

டிஸ்கி: அன்னிக்கு ஏடிஎஸ்0=0 அடிக்க மறந்துட்டான். ராத்திரி போன் பண்ணின அவங்க அத்தைக்கு மோடம்தான் பதில் சொல்லிச்சு :-)