யாரும் கற்பியாத பாடம்

'சாதி இப்பொழுது எங்கே இருக்கிறது?' என வினவுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். சட்டமும் கல்வியும் போரும் அதனை ஒழித்துவிட்டன என்பது அவர்தம் வாதம். மனிதன் தன் மதிப்பீடுகளை எவ்வாறு பெறுகின்றான் என்பதை எண்ணிப் பாராதார் கூற்று இது.

மண்கும்பானில் எனது சிறுபராயத்தில், வேலி அடைக்க வரும் முதியவர் ஒருவருக்கென எங்கள் தாழ்வாரத்தில் ஒரு தகரப்பேணி செருகப்பட்டிருக்கும். தேநீர் அருந்தியதும் அவரே அதனைக் கழுவி அங்கேயே செருகுவார். எழுபது வயதைக் கடந்த அவரை, ஏழு வயதினனாகிய நான் 'நீ' என்றே விளித்தேன். அவ்வாறு அழைக்கும்படி அப்பம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால், அயல்வீட்டுப் பெரியவரை அவ்வாறு அழைத்திருந்தால் கண்டித்திருப்பார், இங்கே கண்டிக்கவில்லை. அந்த மௌனமே பாடமாயிற்று.

எங்களூர் மணலில் பெய்யும் மழை ஓசையின்றி உள்ளிறங்கி நன்னீராய்த் தங்குகின்றது. அளவுமீறி இறைத்தால் உவரும் ஓசையின்றியே ஏறுகின்றது. வீட்டு வழக்கங்கள் பிள்ளை மனத்திற் புகுவதும் இவ்வாறே.

சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது ஏன்? கதவைத் திறவென்று சட்டம் கூறலாம். கதவை மறித்து நின்ற மனத்தை அது தொடவில்லை. மறித்தவருட் பலர், தாம் பழகியதையே ஒழுக்கமென நம்பியவர்கள்.

வெள்ளையரின் மதிப்பீடுகளைக் கறுப்பின மக்கள் தம்மையறியாது உள்வாங்கியமையை பிரான்ஸ் ஃபனன் 1952இல் எழுதினார். நாமும் அதனை மேடைகளில் எடுத்தாளுகின்றோம். நெடுந்தீவை ஆங்கிலத்தில் இன்றும் 'டெல்வ்ற்' என எழுதுவதைக் கண்டு அடிமைப்புத்தி எனச் சீறுகின்றோம். ஒல்லாந்தன் விட்டுச்சென்ற பெயர் நம்மை உறுத்துகின்றது. பாட்டன் விட்டுச்சென்ற பேணி உறுத்தவில்லை! இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றோர் அப்பேணியைக் காவிச் செல்லவில்லை. ஆயினும், மணமகன் தேவை விளம்பரங்களிற் சாதி தவறாது இடம்பெறுகின்றது.

'அறியாமற் பெற்றதற்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?' எனச் சிலர் கேட்பர். பெற்றதற்கு எவரும் பொறுப்பல்லர். அறிந்த பின்னும் வைத்திருப்பதற்குப் பொறுப்பாளிகளே.

அம்முதியவர் இன்றில்லை. அவரை ஒருமுறையேனும் 'நீங்கள்' என்றழைக்கும் வாய்ப்பை நான் இழந்துவிட்டேன். சமத்துவம் பற்றிக் கட்டுரை வரையுமுன், நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுத் தாழ்வாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போமாக.