பேத்தியின் பாரிஸ் கோடையும் எங்கள் வீட்டுச் சாக்கடையும்

ஜூலை 5ஆம் தேதி, சனிக்கிழமை. சாயங்கால நடை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்த நேரம், பாரிசிலிருந்து பேத்தி வீடியோ காலில் வந்தாள். "தாத்தா, இதைப் பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். அகலமான ஆறு. இடுப்பில் மஞ்சள் மிதவையைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். என் வயதுக் கிழவர் ஒருவரும் இருந்தார்.

"எந்த ஆறும்மா?"

"சேன் நதி தாத்தா. 1923இல் குளிக்கத் தடை போட்டாங்களாம். இன்னைக்குத்தான் திறந்திருக்காங்க."

நூற்றிரண்டு வருடம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். எட்டு வயதில் சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் நான்கு பெரிய நதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எது எந்த மேட்டில் பிறக்கிறது, எந்தக் கடலில் விழுகிறது என்பதும் மனப்பாடம். சங்கராபரணி ஆறு எங்கள் ஊர்ப்பக்கம்தான் ஓடுகிறது. அதன் பெயரை எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் எங்கே போகிறது என்று 2015 டிசம்பரில் கழுத்தளவுத் தண்ணீர் வந்தபோதுதான் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது.

ஆக, மனப்பாடம் செய்த ஆற்றை அறுபத்தாறு வருடம் கழித்து என் பேத்தி மூலம் பார்க்கிறேன். அவள் பொறியியல் மாணவி. மே மாத நடுவில் போய், ஓர் ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி முடித்து, ஆகஸ்ட் முதல் வாரம் திரும்பினாள். தங்கியது என் பெரியப்பா பேரன் வீட்டில். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டார், என் அப்பா போடவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரு கையெழுத்தில் இரண்டு நாட்டார் ஆகிவிட்டார்கள். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"நீ இறங்கலையா?" என்றேன்.

"நீச்சல் தெரிஞ்சாத்தான் விடுவாங்க. எனக்கு எங்க கத்துக்கொடுத்தீங்க?"

நியாயம்தான். குன்றத்தூரில் எதில் இறக்கி நீச்சல் சொல்லித்தருவது?

மறுநாள் நடைப்பயிற்சியில் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் உடனே, "வெள்ளைக்காரனுக்குச் சுத்தம் ரத்தத்திலேயே உண்டு சார்" என்றார். இன்னொருவர், "அவன் ஆலையையெல்லாம் நம்ம ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அனுப்பிட்டு, அவன் ஆத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டான்" என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரத்தத்தில் சுத்தம் இருந்தால் நூறு வருடம் தடை எதற்கு? பாரிசின் பழைய ஏற்பாட்டில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும். பெருமழை பெய்தால் குழாய் தாங்காது, மிஞ்சியதை ஆற்றில் தள்ளிவிடும். இது போதாதென்று, மேலே மார்ன் நதிப் பக்கத்துப் புறநகர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கழிவறைக் குழாய்கள் தவறிப்போய் மழைநீர்க் குழாயில் இணைந்திருந்தன. படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் நேராகவே ஆற்றில் விட்டார்கள். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தான். 2024 ஜூனில், இவ்வளவு செலவு செய்தும் ஆறு சுத்தமாகவில்லை என்று கோபப்பட்டு, "எல்லோரும் சேனில் போய் மலம் கழிப்போம்" என்று அந்த ஊர்க்காரர்களே கேலியாக ஒரு போராட்ட அழைப்பு விட்டார்கள். ரத்தத்தில் சுத்தம் இருப்பவர்களுக்கு வரும் யோசனையா இது?

இந்த விஷயத்தை நான் ஓய்வுபெற்ற மேல்நிலை எழுத்தர் என்ற முறையில் பார்க்கிறேன். எனக்கு இது ஒரு கோப்பின் கதை. 1988இல் பாரிஸ் மேயராக இருந்த ழாக் சிராக், ஆற்றைச் சுத்தம் செய்வேன், நானே நீந்திக் காட்டுவேன் என்றார். அவர் நீந்தவில்லை. பிறகு பன்னிரண்டு வருடம் குடியரசுத் தலைவராகவும் இருந்துவிட்டு, 2019இல் காலமானார். நம் ஊராக இருந்தால் "அரசியல்வாதி வாக்குறுதி" என்று சிரித்துவிட்டு அந்தக் கோப்பைக் கட்டி ரெக்கார்டு அறைக்கு அனுப்பியிருப்போம். அங்கே சிராக் கட்சியிலிருந்து திபெரி வந்தார், 2001இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த தெலனோயே வந்தார், 2014இல் இதால்கோ அம்மையார் வந்தார். ஆள் மாறினார்கள், கட்சி மாறியது, கோப்பு மூடப்படவில்லை. இதைத்தான் நான் பெரிய விஷயமாகச் சொல்வேன்.

ஒலிம்பிக் வந்ததால் ஒரு கெடு கிடைத்தது என்பதும் உண்மை. சுமார் 140 கோடி யூரோ செலவு. ஆஸ்தெர்லிட்ஸ் ரயில் நிலையத்தருகே நிலத்தடியில் 50,000 கன மீட்டர், அதாவது ஐந்து கோடி லிட்டர் பிடிக்கும் தொட்டி கட்டினார்கள். மழை நேரத்தில் மிஞ்சும் நீரை அதில் பிடித்துவைத்து, பிறகு சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். படகு வீடுகள் சாக்கடைக் குழாயில் இணைய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2024 ஜூலை 17இல் இதால்கோ அம்மையார் இறங்கி நீந்தினார். இத்தனைக்குப் பிறகும் அந்த ஒலிம்பிக்கில் மழை பெய்து தண்ணீர் கெட்டு, ஒரு போட்டியை மறுநாளுக்குத் தள்ளினார்கள். இப்போதும் மழை பெய்தால் குளிக்கும் இடங்களை மூடிவிடுகிறார்கள். முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை.

என் பெரியப்பா பேரன் வீட்டுக்கும் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். கழிவறையில் வண்ணச் சாயத்தை ஊற்றி, அது எந்தக் குழாயில் வெளிவருகிறது என்று தெருவில் திறந்து பார்த்தார்களாம். அந்தப் பகுதியில் 2022 முதல் வீட்டை விற்பதென்றால் கழிவுநீர் இணைப்புச் சோதனைச் சான்று கட்டாயம். ஆற்றைச் சுத்தம் செய்வது என்றால் படித்துறை, பூங்கா, மின்விளக்கு என்று நமக்குத் தோன்றும். அங்கே வீடு வீடாகப் போய் கழிவறையில் சாயம் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் படம் எடுத்துப் போடாத வேலை.

நாம் படித்துறை கட்டியவர்கள்தான். 1970களின் தொடக்கத்தில் கூவத்தில் படகு விட்டோம், துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர் வைத்தோம். பெயர் அழகு. சாக்கடை வருவது நிற்கவில்லை, படகு நின்றுவிட்டது.

இரண்டாவது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ஆலைகள் இடம் மாறியதில் அவர் சொல்வது பாதி உண்மை. என் மகன் சோறு தின்பதே ஒரகடத்துக் கார்த் தொழிலால்தான், நான் அதை மறக்கவில்லை. ஆனால் அடையாற்றையும் கூவத்தையும் பெரும்பகுதி கெடுத்தது சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடை. அதைப் பிரான்சிலிருந்து யாரும் கப்பலில் அனுப்பவில்லை.

பேத்தி கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் அங்கே வேறொரு களேபரம். ஜூலை 8இல் அந்நாட்டு நாடாளுமன்றம் விவசாயத்துக்கு ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2018 முதல் அங்கே தடைசெய்யப்பட்டிருந்த அசிட்டாமிப்ரிட் என்ற பூச்சிமருந்துக்கு அதில் மறுபடி வழிவிட்டார்கள். தேனீக்களுக்கு ஆகாது என்று சொல்லப்படும் வகை. நம் ஊர் உரக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. 23 வயது மாணவி ஒருத்தி, நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே எதிர்ப்பு மனு ஒன்றைப் பதிவு செய்தாள். ஐந்து லட்சம் கையெழுத்து சேர்ந்தால் சபையில் விவாதத்துக்கு எடுக்கலாம் என்பது அங்கே விதி. மாதம் முடிவதற்குள் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. பேத்தி தங்கியிருந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதே சண்டையாம். அண்ணன் கையெழுத்துப் போட்டார், அண்ணி, "விவசாயி எப்படிப் பிழைப்பான்?" என்று மறுத்துவிட்டார். அந்தக் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது.

பேத்தி ஊர் திரும்பியிருந்தபோது ஆகஸ்ட் 7ஆம் தேதி அரசியலமைப்பு மன்றத்தின் தீர்ப்பு வந்தது. இருவரும் சேர்ந்து பிரெஞ்சிலேயே படித்தோம், எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பூச்சிமருந்துப் பிரிவு செல்லாது என்றார்கள். அரசியலமைப்பில் 2005இல் சேர்த்த சுற்றுச்சூழல் சாசனத்தைத்தான் காரணம் காட்டினார்கள். அதைச் சேர்த்த காலத்தில் குடியரசுத் தலைவர் நீந்தாத அதே சிராக்.

"பார்த்தீங்களா தாத்தா, அவங்க அரசியலமைப்பிலேயே சுற்றுச்சூழல் இருக்கு" என்றாள்.

நான் எழுந்துபோய் என் பழைய அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து வந்தேன். 48ஏ, 51ஏ. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை, ஆறு ஏரிகளைக் காப்பது குடிமகனின் கடமை. 42ஆவது திருத்தம், 1976. பிரான்சுக்கு இருபத்தொன்பது வருடம் முன்பே எழுதிவிட்டோம். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த திருத்தம் என்பது வேறு கதை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கும் முன்பு, 1974.

அவள் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ அடையாறு யார் பொறுப்பு தாத்தா?"

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன் நான். ஆறு நீர்வளத்துறைக்கு. கரையோர ஆக்கிரமிப்பு வருவாய்த்துறைக்கு. சாக்கடை அந்தந்த உள்ளாட்சிக்கு, சென்னைக்குள் போய்விட்டால் குடிநீர் வாரியத்துக்கு. தண்ணீர் கெட்டதா என்று பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சீரமைக்க ஓர் அறக்கட்டளை. மொத்தம் 42 கிலோமீட்டர் ஆறு. "தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று எழுதி எழுதியே ஓய்வுபெற்ற எனக்கு, அந்தக் கோப்பு இந்த மேசைகளைச் சுற்றி எப்படிப் போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுது?" என்பது அடுத்த கேள்வி.

எங்கள் தெருவில் பாதாள சாக்கடை கிடையாது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே செப்டிக் டேங்க். வாசலில் மழைநீர் வடிகால் போட்டபோது, குளியலறைத் தண்ணீரையும் செப்டிக் டேங்க் நிறைந்து வழிவதையும் ஒரு குழாய் போட்டு அதில் விட்டுவிடலாம் என்றார் பிளம்பர். "நாலடி பைப்தான் சார், அடிக்கடி லாரி கூப்பிட வேண்டாம்." தெருவில் எல்லோரும் செய்தார்கள். நானும் தலையாட்டினேன். எட்டு வருடம் ஆகிறது.

இதை அவளிடம் சொல்லாமல் மழுப்பினேன். அவள் சொட்டு நீலத்தை ஒரு வாளியில் கலக்கிக் குளியலறையில் ஊற்றிவிட்டு வாசலுக்கு ஓடினாள். வடிகாலின் மூடியில்லாத இடத்தில் தண்ணீர் நீலமாக ஓடியது. எதிர்வீட்டு அம்மா, "என்னம்மா, கோலப்பொடியா?" என்று கேட்டார்.

அந்த வடிகால் செம்பரம்பாக்கத்து உபரிநீர்க் கால்வாயில் சேர்கிறது. கால்வாய் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஏரியின் முழு உயரம் 24 அடி. ஒவ்வோர் ஐப்பசியிலும் மட்டம் ஏறத்தொடங்கியதும் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று வெள்ள எச்சரிக்கை வரும். 2015இல் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது என் வீட்டுக்குள் வந்தது மழைத்தண்ணீர் மட்டுமல்ல. அந்த நாற்றம் மூன்று மாதம் சுவரில் இருந்தது. அதை அனுபவித்துவிட்டும் இரண்டே வருடத்தில் அந்தக் குழாய்க்குச் சம்மதித்தவன் நான்.

குழாயை அடைத்துவிட்டேன். மகன் சம்மதிக்கவில்லை. "தெருவில் நாற்பது வீடு விடுது, நாம ஒருத்தர் அடைச்சா ஆறு சுத்தமாயிடுமா?" என்றான். ஆகாது. கொல்லைப்புறத்தில் குளியல் தண்ணீருக்கு உறிஞ்சு குழி வெட்டினோம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் குழி உறிஞ்ச மறுத்துவிட்டது. செப்டிக் டேங்க் லாரிக்கு இப்போது இரண்டு மாதத்துக்கொரு முறை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறேன். ஒரு வீட்டின் ஒழுக்கத்தால் தீர்கிற விஷயம் இல்லை, குழாய் போட்டால்தான் தீரும் என்பது இப்போது காசு கொடுத்துப் புரிகிறது. ஆனால் என் குழாய் வடிகாலில் இருக்கும்போது அதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாதாள சாக்கடை கேட்டு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கினேன். இருபது லட்சம் இல்லை, பதினேழு. எதிர்வீட்டு அம்மா முதல் கையெழுத்து. மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

பேத்தி விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பு, "நம்பர் என்னாச்சு தாத்தா?" என்கிறாள். கொடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் நினைவூட்டு எழுதி, மனுவின் நகலையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் போனால் தபால் பிரிவில் ஆள் இருக்க மாட்டார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான்.