சால்மன் ஈயும் அழகர்மலைக் காட்டுக்கோழியும்

வைகையில் சால்மன் வருமா என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே கேட்டுச் சிரித்துவிடுங்கள். வராது. வைகையில் தண்ணீர் வருவதே வருஷத்தில் சில நாள்தான். இருந்தாலும் நாலு மாசமாக நான் சால்மன் ஈ கட்டிக்கொண்டிருக்கிறேன். "இவன் வீட்ல உக்காந்து ஈ ஓட்டுறான்" என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஓட்டவில்லை, கட்டுகிறேன் :)

தெரியாதவர்களுக்கு: தூண்டில் முள்ளில் புழு கோர்ப்பதற்குப் பதில் இறகு, முடி, ஜிகினா இதையெல்லாம் நூலால் இறுக்கிக் கட்டிச் செய்யும் பொய் இரைக்குத்தான் ஈ என்று பெயர். நம்ம ஊருக்கே புதுசு என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் மீனை விட்டு, இதே மாதிரி ஈயைப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். சால்மன் ஈ இதில் தனி ரகம். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய சால்மன் பெரும்பாலும் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். எனவே அதற்குப் போடும் ஈ எந்தப் பூச்சி மாதிரியும் இருக்க வேண்டியதில்லை. இதுதான் சாக்கு என்று விக்டோரியா காலத்து ஆட்கள் உலகத்தில் உள்ள பறவை இறகையெல்லாம் அதில் ஏற்றினார்கள். பார்த்தால் கல்யாண வீட்டு அலங்காரம் மாதிரி இருக்கும்.

யூடியூபில் ஒன்றைப் பார்த்து மயங்கித்தான் நானும் ஆரம்பித்தேன். பட்டறை வைஸ் ஒன்று, தையல்காரரிடம் வாங்கிய நைலான் நூல், கறிக்கடையில் பொறுக்கிய சேவல் கழுத்து இறகு. முதல் ஈ, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கண்மாயில் இரண்டாவது வீச்சிலேயே பிரிந்துவிட்டது. மீன் பக்கத்தில்கூட வரவில்லை, வெறும் தண்ணீரிலேயே. மூன்றாவது ஈயை ஒரு விரால் கடித்தது. விரால் வாயில் விரலை விட்டவர்களுக்கு அதன் பல் எப்படி என்று தெரியும். முள்ளில் நூல் மட்டும் மிச்சம்.

பழுது எங்கே என்று கண்டுபிடித்தது நானில்லை, அம்மா. சாயங்காலம் மல்லிகை கட்டிக்கொண்டே என் கையைப் பார்த்தவர், "ஏண்டா, நூலைத் தொங்கவிட்டுட்டு இத்தனை சுத்து சுத்துனா எப்படி நிக்கும்? இழுத்துப் பிடிச்சு மூணு சுத்து போதும்" என்றார். அப்புறம்தான் உறைத்தது. விரலில் ஒரு சுருக்கு போட்டு, காம்பில் மாட்டி ஒரு இழுப்பு இழுக்கிறாரே, அந்தப் பூ முடிச்சேதான் ஈயின் தலையில் கடைசியாகப் போடும் முடிச்சும். வீடியோக்காரர் பத்து நிமிஷம் விளக்கியதை அம்மா டிவி பார்த்துக்கொண்டே போடுகிறார்.

அதற்குப் பிறகு கட்டியவை நின்றன. நூலில் தேன்மெழுகு தேய்த்துக்கொள்கிறேன். அறுந்துவிடுமோ என்கிற அளவுக்கு இழுத்துச் சுற்றுகிறேன். மோட்டார் ரீவைண்டிங் கடையில் எறியும் மெல்லிய செம்புக் கம்பியை, இறகு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் மேலே ஓட்டுகிறேன். இறகின் தண்டைப் பல் அறுத்தாலும் குறுக்கே போகும் கம்பி அதை விடாது. இறக்கைக்கு வெள்ளாட்டு வால் முடி. முடியின் அடியைச் சரிவாக வெட்டி, ஒரு சொட்டுப் பசை வைத்துக் கட்ட வேண்டும். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விடாமல் போனால் எல்லாம் வீண். எனக்கு அது பத்து ஈ வரைக்கும் புரியவில்லை. தலைக்கு அக்காவின் நெயில் பாலிஷ் மூன்று பூச்சு (அக்காவுக்குத் தெரியாது).

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பழைய சால்மன் ஈக்களில் பக்கவாட்டில் கண் மாதிரி ஒரு புள்ளி மின்னும். மெழுகு பூசிய தகடு மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாக. அது நம் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அழகர்மலையிலும் சிறுமலையிலும் விடியற்காலையில் கூவுகிறதே, அதே சாம்பல் காட்டுக்கோழி. பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரை 1813-இல் அதற்கு வைத்தார்கள். இந்தியாவின் தெற்கிலும் மேற்கிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாகக் கிடையாது. இணைசேரும் காலம் முடிந்ததும் அந்தத் தகடு இறகுகளை உதிர்த்து, மங்கலான கறுப்புக்கு மாறிவிடும்.

நான் ஈ கட்டுவதைக் கேள்விப்பட்ட தெரிந்தவர் ஒருவர், "மலையடிவாரத்துல ஆள் இருக்கு, கழுத்துத் தோலோட வாங்கித் தரவா?" என்றார். உண்மையைச் சொன்னால், உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன் என்பதே இப்போது கூச்சமாக இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். சட்டம் தெரியாமல் யோசிக்கவில்லை, தெரிந்தேதான் யோசித்தேன்.

இறகு ஆசை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2009 ஜூனில் இங்கிலாந்தில் ட்ரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து, 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனான் ஒருவன். ரவுடி இல்லை. சால்மன் ஈ கட்டுவதில் கெட்டிக்காரனான ஓர் இசைக்கல்லூரி மாணவன், நம் வயசுதான். வாலஸ் சேகரித்த பறவைகளும் அதில் இருந்தன. பிடிபட்டான், 2011-இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையோடு போய்விட்டான். திரும்பக் கிடைத்த பல தோல்களில் எங்கே, எப்போது பிடித்தது என்ற சீட்டே இல்லை. சீட்டில்லாத தோல் ஆராய்ச்சிக்கு உதவாது.

"செத்த கோழிதானே, நீ வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்" என்றான் நண்பன். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த கண்ணி வைப்பார்கள்? வெளிநாட்டில் வளர்ப்புக் கோழியின் இறகை விற்கிறார்கள், அது அவர்கள் பாடு. இங்கே ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் அது காட்டிலிருந்து வந்ததுதான்.

இதில் வேடிக்கை, உறுதியான ஈ வேண்டும் என்கிற ஆளுக்கு அந்த இறகு எதற்குமே உதவாது. அந்தத் தகடு நெடுக்கில் கீறிப் பிளந்துபோகும். கட்டுகிறவர்களே வார்னிஷ் வைத்து ஒட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். சால்மன் ஆற்றில் நிஜமாகவே மீன் பிடிக்கிறவர்கள் பலர் இறகு இறக்கையை விட்டு முடி இறக்கைக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். காட்டுக்கோழி இல்லாமல் சால்மன் ஈயே இல்லை என்பது கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கிறவர்கள் பேச்சு. புதுசாகக் கட்டுகிற நமக்கு முதல் ஐம்பது ஈக்கு நாட்டுச்சேவலும் ஆட்டு முடியும் போதும். ஐம்பதுக்கு அப்புறமும் போதும் என்றுதான் நினைக்கிறேன், இன்னும் அங்கே போகவில்லை.

தெரிந்தவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. "அப்புறம் கேட்டா கிடைக்காது தம்பி" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அதே கண்மாயில் இருபத்து மூன்றாவது ஈ. பத்தடி மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு. ஒரே ஈயில் இரண்டு விராலும் ஒரு ஜிலேபியும். வால் பாதி போய்விட்டது, செம்புக் கம்பி ஓரிடத்தில் வளைந்திருக்கிறது, மற்றபடி கட்டு அசையவில்லை. கேட்கிறவர்களுக்கு திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன்.