கழன்று விழும் கதவுகள்



அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, இன்று ஐம்பதைக் கடந்துவிட்ட ஆண்களிடம் சிறுவயது விளையாட்டுப் பொருட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மோதினால் கழன்று சிதறும் கார்களைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலரும். 1970-களின் தொடக்கத்தில் கென்னர் நிறுவனம் ‘ஸ்மாஷ்-அப் டெர்பி’ என்ற பெயரில் அவற்றை விற்றது. பற்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டையைச் செருகி வேகமாய் இழுத்தால், காரின் நடுவிலுள்ள சக்கரம் சுழன்று காரைப் பாய்ந்தோடச் செய்யும். இரண்டு கார்கள் எதிரெதிரே மோதும். கதவும் பானெட்டும் பறக்கும். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து அவற்றைத் தேடியெடுத்து, பொருத்தி, மறுபடியும் மோதவிடுவார்கள். எத்தனை இனிய நினைவு!

ஆனால் அந்தக் கார் எங்கே கழல வேண்டும் என்பதை, அதைச் செய்தவர்கள் முன்னரே தீர்மானித்திருந்தார்கள். வைத்த இணைப்பில்தான் அது பிரிந்தது. ஆகவேதான் ஒரு நிமிடத்தில் பழைய காராயிற்று. உண்மையான கார் அப்படியன்று. மோதலின் விசையைத் தான் ஏற்று நசுங்கும்படி வடிவமைத்த முன்பகுதியை மெர்சிடிஸ்-பென்ஸ் 1959-இல் தன் கார்களில் கொண்டுவந்தது. உள்ளே இருப்பவர் பிழைக்கலாம். நசுங்கிய தகடு தானாய் நிமிர்வதில்லை.

நாம் துக்கத்திலிருப்பவர்களை விளையாட்டுக் காரைப்போல் நடத்துகிறோம் என்பது என் கருத்து. கணவனை அடக்கம் பண்ணிய சகோதரி மூன்றாம் மாதத்திலும் ஆராதனையில் அழுதால், “இன்னுமா?” என்கிறோம். மணமுறிவுக்கு ஆளான மகனிடம், “எல்லாம் சரியாகிவிடும், பழையபடி பாடகர் குழுவுக்கு வா” என்கிறோம். அன்பினாலேதான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆயினும் கழன்ற கதவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை மாட்டும் இடத்தைத் தேடுகிறவர்களாய் அவர்களிடம் செல்கிறோம். மனிதர் இணைப்புகளில் உடைவதில்லை.

இதற்கு நாம் எரேமியா 18-ஆம் அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. (நம் பிரசங்கங்களில் இத்தனை முறை கையாளப்பட்ட பகுதி வேறு உண்டோ!) அதைப் பொறுமையாய் வாசியுங்கள். கெட்டுப்போன பாத்திரத்தைக் குயவன் ஒட்டவைக்கவில்லை. அதே களிமண்ணைக் கொண்டு வேறொரு பாத்திரத்தை வனைந்தான். யாக்கோபு பெனியேலில் ஆசீர்வாதம் பெற்றான். ஆனாலும் நொண்டிக்கொண்டே அவ்விடத்தைக் கடந்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவரும் காயங்களின் அடையாளத்தோடுதான் தோமாவின் முன் நின்றார். மகிமையின் சரீரத்திலும் அத்தழும்புகள் மறைக்கப்படவில்லை. அப்படியிருக்க, நம் சகோதரி தழும்பில்லாமல் வரவேண்டும் என்று எதிர்பார்க்க நாம் யார்?

நம் சந்திப்புக் குழு துக்க வீடுகளுக்கு முதல் இரண்டு வாரங்கள் தவறாமல் செல்கிறது. உணவும் கொண்டுபோகிறது. ஆறாம் மாதத்தில் யார் போகிறார்கள்? முதலாம் நினைவு நாளில்? இவ்வாண்டு நாம் அடக்கம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் சபை அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். போய் அமர்ந்திருங்கள். வசனம் சொல்லாவிட்டாலும் குறைவில்லை.